வரம்புக்குள் அடங்காத வயிறு

4 கோடி பவுன் என்று வரம்பு கட்டினார்கள், போதவில்லை. 5 கோடி என்றார்கள், போதவில்லை. 6 கோடி ஆயிற்று, 7 கோடி ஆயிற்று, அதுவும் போதவில்லை. 9 கோடி என்று ஏற்றினார்கள். சில திங்களுக்குள் 11½ கோடி என்று மறுபடியும் ஏற்றினார்கள். 1930-இல் மூன்று சட்டங்கள், 1931-இல் இரண்டு சட்டங்கள். ஆக ஐந்து முறை ஒரே எண்ணை அடித்து அடித்துத் திருத்திய விந்தை இங்கிலாந்து நாட்டுப் பாராளுமன்றத்திலே நடந்தது!

எதற்கான எண் அது? வேலை இழந்த தொழிலாளிக்கு வாரந்தோறும் உதவித் தொகை வழங்கும் நிதி ஒன்று அங்கே இருந்தது. அந்த நிதி வறண்டபோது கஜானாவிடமிருந்து எவ்வளவு கடன் வாங்கலாம் என்பதற்குப் போடப்பட்ட உச்ச வரம்பு அது. வரம்பை உயர்த்தித் தாருங்கள் என்று அவை முன் வந்து நிற்க வேண்டிய பொறுப்பு ஓர் அம்மையாரின் தலையிலே விழுந்தது. ஏளனச் சிரிப்பையும் எரிச்சல் பார்வையையும் அவர் தாங்கினார். அவர் பெயர் மார்கரெட் பாண்ட்பீல்டு. இங்கிலாந்தின் அமைச்சரவையிலே இடம் பெற்ற முதல் பெண்மணி!

வரவு செலவுத் திட்டம் என்றதும் நம் தோழர்களிலே பலர், அது கணக்கப்பிள்ளைகளின் காரியம், நமக்கென்ன என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்கக் கூடாது என்கிறோம் நாம். அந்தத் தாளிலே உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஓர் அடுப்பு இருக்கிறது. எண் குறைந்தால் அடுப்பு அணைகிறது. ஏழையின் துயர் அறிந்தவர் பீடமேறினால் போதும், மற்றவை தாமே நடக்கும் என்று நம்புவோரும் உண்டு. அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் செல்லும், எந்தச் சுவரிலே போய் முட்டும் என்று காட்ட, பாண்ட்பீல்டு அம்மையாரின் வாழ்வைப்போல் இன்னொரு பாடம் கிடைப்பதரிது. ஆகவே அதைச் சொல்கிறோம்.

1873-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 17-ஆம் நாள், சாமர்செட் வட்டாரத்தில் சார்டு என்ற சிற்றூரிலே பிறந்தார் மார்கரெட். பதினொரு பிள்ளைகளிலே பத்தாவது பிள்ளை. தந்தை லேஸ் பின்னும் ஆலையிலே பணி புரிந்தவர். சீர்திருத்த நோக்கம் கொண்டவர். பிள்ளைகளின் தொகை பெரிது, வருவாயோ சிறிது. பதின்மூன்று வயதிலே உள்ளூர்ப் பள்ளியில் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் உதவி வேலை. பதினான்கு வயதிலே வீட்டை விட்டு, பிரைட்டன் கடற்கரைப் பக்கம் ஜவுளிக் கடை வேலை. பள்ளிக்கூடம் அத்தோடு முடிந்தது, படிப்பு முடியவில்லை. அவ்வூரிலே பெண்ணுரிமைக்காகப் பாடுபட்ட லூயிசா மார்ட்டின்டேல் என்ற அம்மையார், கடைப்பெண்ணான மார்கரெட்டுக்குப் புத்தகங்களைக் கொடுத்தார், புது எண்ணங்களையும் கொடுத்தார்.

ஜவுளிக் கடை என்றதும் பட்டுத் துணியும் பளபளக்கும் விளக்கும் கண்ணாடிப் பேழையும் நம் கண்முன் தோன்றும். அந்தப் பளபளப்புக்குப் பின்னாலே இருந்த இருட்டைப் பாருங்கள். கடையிலே வேலை செய்பவர்கள் கடைக்காரர் காட்டிய இடத்திலேதான் தங்க வேண்டும். அவர் போட்ட சாப்பாட்டைத்தான் சாப்பிட வேண்டும். கூலியிலே ஒரு பகுதி அந்தச் சோற்றுக்கும் அந்தப் படுக்கைக்கும் என்று கழிந்துவிடும். ஒரே அறையிலே பல பெண்கள். இரவிலே இத்தனை மணிக்குள் திரும்பாவிட்டால் கதவு அடைபடும். தவறினால் அபராதம், தாமதித்தால் அபராதம். வாரத்திலே 65 மணி நேரம் என்பது குறைந்த வேலை. பல கடைகளில் 80 மணியையும் தாண்டும். நாள் முழுதும் நின்றபடி நிற்க வேண்டும். கடைப்பெண்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்பதற்கே 1899-இல் அந்த நாட்டுப் பாராளுமன்றம் தனிச் சட்டம் செய்ய வேண்டியிருந்தது என்றால், நிலைமையை நாம் விளக்கவும் வேண்டுமோ!

1894-இல் இலண்டன் சென்றார். வேலை தேடிக் கடை கடையாக அலைந்தார். ஒரு நாள், பசிக்கு வறுத்த மீன் வாங்கினார். மீன் பொட்டலம் மடித்துவந்த பழைய பத்திரிகைத் தாளிலே ஒரு கடிதம் கண்ணிலே பட்டது. கடைச் சிப்பந்திகளே, சங்கத்திலே சேருங்கள் என்று சங்கச் செயலாளர் எழுதியிருந்த கடிதம் அது. மீனைத் தின்றார், தாளை எறியவில்லை. சங்கத்திலே சேர்ந்தார். பொட்டலத் தாள் ஒரு தலைவியை நாட்டுக்குத் தந்தது!

பிறகு அவர் சங்கப் பத்திரிகையிலே எழுதத் தொடங்கினார். சொந்தப் பெயரிலே எழுதினால் வேலை போகும். ஆகவே கிரேஸ் டேர் என்ற புனைபெயர். உடன் தங்கிய பெண்கள் உறங்கிய பிறகு, மலிவான மெழுகுவர்த்தி ஒன்றைக் கொளுத்தி, வெளிச்சம் தெரியாதபடி துண்டால் மறைத்துக்கொண்டு எழுதுவாராம். 1896 முதல் இரண்டாண்டு காலம், பெண் தொழிலாளர் நலம் நாடிய ஓர் அமைப்பின் சார்பிலே, கடைக்குக் கடை மாறி வேலைக்கு அமர்ந்து, உள்ளே நடக்கும் கொடுமைகளைத் தாமே பட்டறிந்து குறித்துக்கொடுத்தார். 1898-இல் கடைச் சிப்பந்திகள் சங்கத்தின் துணைச் செயலாளரானார். 1899-இல் பிளிமத் நகரிலே கூடிய தொழிற்சங்கக் காங்கிரசுக்குச் சென்றார். அத்தனை பிரதிநிதிகளிலே பெண் என்று சொல்ல அவர் ஒருவரே இருந்தார்.

ஸ்காட்லாந்திலே மேரி மெக்கார்தர் என்ற இளம்பெண்ணைக் கண்டெடுத்துத் தோழியாக்கிக்கொண்டார். அந்த மேரி 1906-இல் பெண் தொழிலாளர்க்கென்றே ஒரு சம்மேளனம் கண்டார். 1921-இன் தொடக்கத்திலே மேரி மறைந்தார். சம்மேளனம் பொதுத் தொழிலாளர் சங்கத்தோடு இணைந்தபோது, பெண் தொழிலாளர் பிரிவின் தலைமைப் பொறுப்பு பாண்ட்பீல்டு தோளிலே ஏறிற்று. 1923-இல் தொழிற்சங்கக் காங்கிரசின் பொதுக்குழுவுக்குத் தலைவரானார். அந்த இடத்திலே அமர்ந்த முதல் பெண் அவரே. அதே ஆண்டு இறுதியிலே நார்தாம்ப்டன் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றார். தொழிற் கட்சியின் முதல் பெண் உறுப்பினர்கள் மூவரிலே ஒருவர். 1924-இல் முதல் தொழிற் கட்சி ஆட்சியிலே தொழிலாளர் அமைச்சகத்தின் பாராளுமன்றச் செயலாளர். அவ்வாண்டு இறுதித் தேர்தலிலே தோல்வி. 1926-இல் வால்செண்டு இடைத்தேர்தலிலே மீண்டும் வெற்றி. 1929 ஜூன் திங்களிலே தொழிலாளர் அமைச்சர்!

துண்டால் மறைத்த மெழுகுவர்த்தியிலிருந்து அமைச்சர் மாளிகை விளக்கு வரை! பெற்ற பதவி பெரிது. கொண்டு வந்த அனுபவம் அதனினும் பெரிது. பிறகு என்ன குறை? குறை அவரிடம் இல்லை. அவர் கையிலே கொடுக்கப்பட்ட கணக்கிலே இருந்தது.

அந்தக் கணக்கைச் சற்று விளக்குகிறோம். 1911-இல் லாயிட் ஜார்ஜ் காலத்திலே வேலையில்லாக் கால இன்ஷூரன்ஸ் சட்டம் பிறந்தது. தொழிலாளி வாரந்தோறும் ஒரு சந்தா, முதலாளி ஒரு சந்தா, சர்க்கார் ஒரு பங்கு. மூன்றும் சேர்ந்து ஒரு நிதி. வேலை போனால் அந்த நிதியிலிருந்து உதவி. முதலிலே கட்டடம், கப்பல், பொறி முதலிய சில தொழில்களைச் சேர்ந்த ஏறத்தாழ 22 இலட்சம் பேருக்குத்தான் இந்த ஏற்பாடு. 1920-இல் விரிவாக்கப்பட்டு ஒரு கோடிக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ளே வந்தனர். விளைந்த காலத்திலே குதிரை நிரப்பி வை, வறண்ட காலத்திலே அள்ளிக்கொள் என்பதுதான் தத்துவம். நல்ல தத்துவமே.

ஆனால், குதிரின் அளவை எப்படி நிர்ணயித்தார்கள்? நூற்றுக்கு ஆறு பேர் வேலையில்லாமல் இருப்பார்கள் என்று வைத்துக்கொண்டு 1927-இல் கணக்கெழுதினார்கள். நாட்டின் நடப்பு என்ன? நூற்றுக்குப் பத்துப் பேரை ஒட்டியே வேலையில்லாமல் இருந்தார்கள். நிலக்கரிச் சுரங்கம் படுத்துவிட்டது, பருத்தி ஆலை படுத்துவிட்டது, கப்பல் கட்டும் துறை படுத்துவிட்டது. ஆறு என்று எழுதிய பேனாவுக்கு இவை ஏன் தெரியவில்லை? தெரிந்திருந்தால் சந்தாவை உயர்த்த வேண்டும், அல்லது செல்வர் மீது வரி போட வேண்டும். இரண்டும் கசப்பு. ஆகவே ஆறு என்று எழுதி, ஆறுதல் தேடினார்கள்!

அந்தக் கணக்குக்கு அடிப்படையான பிளேன்ஸ்பரோ கமிட்டியின் அறிக்கையிலே பாண்ட்பீல்டு அம்மையாரும் கையொப்பமிட்டிருந்தார் என்பதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். 18 முதல் 21 வயது வரையிலான இளைஞர்களுக்கு உதவித் தொகை குறைந்தது அந்த ஏற்பாட்டிலேதான். தொழிற் கட்சிக்குள்ளேயே கண்டனம் எழுந்தது. கிடைத்ததைக் கெடுக்காமல் காப்பாற்றுவோம் என்பது அம்மையாரின் போக்கு. பொறுமையான தொழிற்சங்கவாதியின் போக்கு அது. அதற்கு விலை இருந்தது. அந்த விலை பின்னாலே தெரிந்தது.

பதவியேற்றதும் நற்காரியம் செய்தார். அதுவரை ஒரு கொடுமை இருந்தது. உண்மையாகவே வேலை தேடி அலைந்தேன் என்று தொழிலாளியே நிரூபிக்க வேண்டும். இல்லாத வேலையைத் தேடி, பூட்டிய ஆலையின் கதவைத் தட்டி, தட்டியதற்கு அத்தாட்சியும் கொண்டுவர வேண்டும்! இந்த விதியின் பெயரால் பல இலட்சம் மனுக்கள் தள்ளப்பட்டிருந்தன. 1930-இன் தொடக்கத்திலே வந்த சட்டம் அந்த விதியை எடுத்தெறிந்தது. தொழிலாளியின் மனைவிக்குக் கொடுத்த 7 ஷில்லிங்கு 9 ஷில்லிங்கு ஆயிற்று. நிதியின் விதிப்படி உரிமை தீர்ந்துபோனவர்களுக்கு வழங்கிய இடைக்கால உதவியின் செலவைக் கஜானா ஏற்றது. ஆணுக்கு வாரம் 17 ஷில்லிங்கு, மனைவிக்கு 9, பிள்ளை ஒன்றுக்கு 2. மூன்று பிள்ளைகள் இருந்தால் 32 ஷில்லிங்கு. அரை வயிறு நிரம்பும் தொகை.

அந்த நேரம் பார்த்து இடி விழுந்தது. 1929 அக்டோபரிலே நியூயார்க் பங்கு மார்க்கெட் சரிந்தது. உலகெங்கும் வாணிபம் சுருங்கிற்று. அம்மையார் பதவியேற்றபோது வேலையில்லாதோர் 12 இலட்சத்துக்குள் இருந்தனர். 1930 இறுதியிலே 25 இலட்சம். 1931 நடுவிலே 27 இலட்சம். அவருடைய வால்செண்டு தொகுதியே கப்பல் கட்டும் ஊர். மாரிடேனியா என்ற மாபெரும் கப்பலைக் கட்டிக் கடலிலே விட்ட ஊர். அங்கே கப்பல் கட்டிய கைகள் மடியிலே கிடந்தன.

நூற்றுக்கு ஆறு என்று கட்டிய குதிர், நூற்றுக்கு இருபதைத் தாண்டிய பசிக்கு எப்படிப் போதும்? நிதி வற்றிற்று. கடன் வாங்க வேண்டும். வாங்க வரம்பு உண்டு. வரம்பு முடிந்தால் புதுச் சட்டம். ஒரு சட்டத்தின் மை காயுமுன் அடுத்த சட்டம். ஒவ்வொரு முறையும் எதிர்க்கட்சி எழுந்து ஊதாரி ஆட்சி என்று தூற்றும். பத்திரிகைகள் பெரிய எழுத்திலே அச்சிடும். 1931-இலே வாரத்திற்கு ஏறத்தாழ 10 இலட்சம் பவுன் என்ற வேகத்திலே கடன் ஏறியது.

இங்கே ஒரு செய்தியைத் தோழர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறோம். வரம்பு என்பது பசியைக் குறைக்கவில்லை. ஒருவனுக்கு வேலையும் கொடுக்கவில்லை. அது செய்த வேலை ஒன்றே ஒன்று: பசியைச் சர்க்காரின் குற்றமாகக் காட்டிற்று. தொழில் மந்தம் முதலாளித்துவத்தின் நோய். அந்த நோய்க்குப் பத்தியச் செலவு ஆகிறது. பத்தியச் செலவைக் காட்டி, இதுதான் நோய் என்று சொன்னால் எப்படி? அப்படித்தான் சொன்னார்கள்! 1931 ஜனவரியிலே கஜானாவின் உயர் அதிகாரி சர் ரிச்சர்டு ஹாப்கின்ஸ், விசாரணைக் கமிஷன் முன்னிலையிலே, இப்படியே கடன் வாங்கிக்கொண்டு போனால் பிரிட்டிஷ் நிதியின் உறுதியே ஐயத்துக்கிடமாகும் என்ற கருத்தைச் சொன்னார். சொன்னவர் அதிகாரி, கேட்டவர்கள் உலகத்துப் பாங்கி முதலாளிகள். அவர்கள் காதிலே அது எப்படி விழுந்திருக்கும்!

வேறு வழி இருந்ததா? இருந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் நாட்டின் பொதுத் துயரம். அதன் செலவை நாடே ஏற்கட்டும். எல்லா வருமானங்களின் மீதும் ஒரு வரி போட்டு இந்த நிதியை நடத்துவோம் என்று தொழிற்சங்கக் காங்கிரசு யோசனை சொல்லிற்று. பொது வேலைகளைத் தொடங்கி ஆட்களை அமர்த்தினால் பணம் கைமாறித் தொழிலும் பிழைக்கும் என்று கீன்ஸ் போன்ற பொருளாதார அறிஞர்கள் வாதாடினர். ஆனால் நிதியமைச்சர் பிலிப் ஸ்னோடன் அசையவில்லை. அவரும் நெசவாளி வீட்டுப் பிள்ளைதான்! ஏழை வீட்டிலே பிறந்தவர், வரவுக்குள் செலவு என்ற பழைய வேதத்தைப் பாங்கி முதலாளிகளைவிடப் பக்தியோடு ஓதினார். தொழிற் கட்சிக்குப் பாராளுமன்றத்திலே தனிப் பெரும்பான்மையும் இல்லை. லிபரல் கட்சியின் தயவிலே நடந்த ஆட்சி அது. வரம்பை வகுத்த கை வேறு, வரம்புக்குள் மாட்டிக்கொண்ட கை வேறு. அம்மையாரின் கை மாட்டிக்கொண்ட கை.

இனி நடந்தது வேதனைக் கதை. ஒரு பக்கம் வரம்பை 11½ கோடியாக உயர்த்தியாயிற்று. மறுபக்கம், நாங்களும் சிக்கனம் செய்கிறோம் என்று காட்ட வேண்டும். யாரிடம் சிக்கனம்? 1931 ஜூலையிலே முறைகேடு களையும் சட்டம் என்ற ஒன்றைப் பாண்ட்பீல்டு அம்மையார் கொண்டுவந்தார். பருவ வேலைக்காரர், விட்டு விட்டு வேலை செய்வோர், இவர்களோடு மணமான பெண்களும் அந்த வலையிலே விழுந்தனர். மணத்துக்குப் பிறகு குறிப்பிட்ட அளவு வேலை செய்து சந்தா கட்டியதைக் காட்டினால்தான் உதவி. அதோடு மறுபடி வேலை கிடைக்கும் வாய்ப்பு உண்டென்றும் காட்ட வேண்டும். வேலையே இல்லாத காலத்திலே வேலை வாய்ப்பை எங்கிருந்து காட்டுவாள் அந்தப் பெண்? கன்னியாயிருந்தபோது ஆண்டுக்கணக்கிலே கட்டிய சந்தா, கழுத்திலே மாலை விழுந்ததும் கணக்கிலிருந்து கரைந்துபோயிற்று!

தொழிற் கட்சிக்குள்ளேயே மாக்ஸ்டன், ஜென்னி லீ முதலியோர் எதிர்த்து நின்று போரிட்டனர். சட்டம் நிறைவேறிற்று. அடுத்த ஆண்டுக்குள் உதவி மறுக்கப்பட்ட மணமான பெண்களின் தொகை ஓர் இலட்சத்தைத் தாண்டிற்று. கடைப்பெண்ணாக வாழ்வைத் தொடங்கியவர், பெண் தொழிலாளரைச் சங்கமாக்குவதிலே இளமையைச் செலவிட்டவர், ஒரு வரம்புக்கு மரியாதை செய்வதற்காகப் பெண் தொழிலாளரின் கையிலிருந்த காசைப் பறிக்கும் சட்டத்துக்குத் தாயானார். பகைவர் செய்திருந்தால் பதறியிருக்க மாட்டோம். அவர் செய்தார் என்பதால்தான் மனம் நோகிறது.

இவ்வளவு கொடுத்தும் பாங்கி உலகம் திருப்தி அடைந்ததா? இல்லை. ஜூலை 31-ஆம் நாள் மே கமிட்டியின் அறிக்கை வெளிவந்தது. தலைவர் சர் ஜார்ஜ் மே, பெரிய இன்ஷூரன்ஸ் கம்பெனியை நடத்தியவர். 12 கோடி பவுன் பற்றாக்குறை வரும் என்று அறிக்கை பயமுறுத்திற்று. ஏறத்தாழ 9½ கோடியை வெட்டுங்கள் என்றது. அதிலே 6½ கோடிக்கு மேல் வேலையில்லாதோர் தலையிலே! உதவித் தொகையிலே நூற்றுக்கு இருபது குறையுங்கள் என்றது. கமிட்டியிலே இருந்த தொழிற் கட்சியினர் இருவர் உடன்படவில்லை. பவுனின் மீது உலகச் சந்தையிலே சந்தேகம் பரவிற்று, தங்கம் வெளியேறிற்று. நியூயார்க் பாங்கி முதலாளிகளிடம் கடன் கேட்டார்கள். உதவித் தொகையிலே நூற்றுக்குப் பத்தாவது குறைத்தால்தான் உலகத்துக்கு நம்பிக்கை வரும் என்ற நிலை ஏற்பட்டது. வால்செண்டிலே ஒரு குழந்தையின் பாலைக் குறைத்தால் நியூயார்க்கிலே ஒரு பாங்கிக்கு நம்பிக்கை பிறக்குமாம்!

1931 ஆகஸ்டு 23-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை இரவு. அமைச்சரவை கூடிற்று. குறைக்கலாம் என்றோர் பதினொருவர். கூடாது என்றோர், ஆர்தர் ஹெண்டர்சன் தலைமையிலே, ஒன்பதின்மர். பாண்ட்பீல்டு அம்மையார் குறைக்கலாம் என்ற பக்கம் இருந்தார். ஒன்பது பேர் உடன்படாத நிலையிலே ஆட்சி நிலைக்கவில்லை. மறுநாள் ராம்சே மெக்டொனால்டு விலகல் கடிதம் கொண்டுபோனார். திரும்பும்போது பழைய எதிரிகளோடு சேர்ந்த தேசிய சர்க்காரின் பிரதமராக வந்தார். ஸ்னோடனும் தாமசும் கூடவே போனார்கள். அம்மையார் போகவில்லை. பதவியைவிட இயக்கமே பெரிது என்று இயக்கத்தோடு நின்றார். அந்த இரவிலே அவர் எடுத்த முடிவை நாம் ஏற்கவில்லை. மறுநாள் அவர் நின்ற இடத்தை நாம் வணங்குகிறோம்.

புதிய சர்க்கார் நூற்றுக்குப் பத்தைக் குறைத்தது. 17 ஷில்லிங்கு, 15 ஷில்லிங்கு 3 பென்ஸ் ஆயிற்று. மனைவிக்கு 9, 8 ஆயிற்று. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டிலே 32 ஷில்லிங்கு, 29 ஷில்லிங்கு 3 பென்ஸாகச் சுருங்கிற்று. அதோடு விடவில்லை. நீண்ட நாள் வேலையில்லாதவர் வீட்டுக்குள் அதிகாரி நுழைந்து, யார் சம்பாதிக்கிறார்கள், விற்கத்தக்க பொருள் என்ன இருக்கிறது என்று பார்க்கும் வருமானச் சோதனை வந்தது. மகன் நாலு காசு சம்பாதித்தால் தகப்பனுக்கு உதவி குறையும். குடும்பங்கள் பிரிந்தன.

இத்தனையும் எதற்கு? பவுனைத் தங்கத்தோடு கட்டி வைக்க! கட்டி வைத்தார்களா? செப்டம்பர் 21-ஆம் நாள், ஒரு திங்கள்கூட முழுதாக ஓடுமுன், தங்க முறையைக் கைவிட்டார்கள். வானம் இடிந்து விழவில்லை. பவுன் மதிப்பு இறங்கிற்று, அவ்வளவே. தொழிற் கட்சி ஆட்சி எதைச் செய்யவே முடியாது என்று அஞ்சி நடுங்கியதோ, அதைப் பழைய பிரபுக்களின் துணையோடு அமைந்த சர்க்கார் சில நாளிலே செய்துவிட்டது. ஆனால் உதவித் தொகையிலே வெட்டிய வெட்டு மட்டும் 1934 வரை ஆறவில்லை! நிதியின் பழைய கடனுக்கும் அவ்வாண்டிலே தவணை கட்டினார்கள்: ஆண்டுக்கு 50 இலட்சம் பவுன் வீதம் நிதியே அடைக்க வேண்டும் என்று. நிதி என்றால் யார்? பெரும்பங்கு தொழிலாளியும் முதலாளியும் கட்டும் சந்தா. பஞ்ச காலத்திலே பட்ட கடனை, வேலை கிடைத்த காலத்திலே தொழிலாளியும் சேர்ந்து சுமந்தான்.

1931 அக்டோபர்த் தேர்தலிலே தொழிற் கட்சி நொறுங்கிற்று. வால்செண்டிலே அம்மையார் தோற்றார். 1935-இலும் அங்கேயே நின்றார், வெல்லவில்லை. பாராளுமன்றத்துக்கு அவர் மறுபடி திரும்பவேயில்லை. ஆயினும் ஓய்ந்து உட்காரவில்லை. 1938 வரை சங்கப் பணி. பிறகு பொது நலத்துக்கான பெண்கள் குழுவின் தலைவர். இரண்டாம் உலகப் போரிலே நகரத்துக் குழந்தைகளைக் கிராமங்களுக்கு அனுப்பியபோது, அவர்களின் வறுமையைக் கண்டு கிராமத்தார் திடுக்கிட்டனர். அந்த வறுமையின் வேர் எது என்று ஆராய்ந்து, நம் நகரங்கள் என்ற அறிக்கையை 1943-இல் அந்தக் குழு வெளியிட்டது. போருக்குப் பின், பாராளுமன்றத்திலே தனிப் பெரும்பான்மை பெற்ற தொழிற் கட்சி ஆட்சி, தேசிய இன்ஷூரன்சும் தேசிய மருத்துவப் பணியும் கண்டதை அவர் கண்ணாரப் பார்த்தார். 1953 ஜூன் 16-ஆம் நாள், எண்பதாவது வயதிலே மறைந்தார். இறுதிச் சடங்கிலே முன்னாள் பிரதமர் அட்லி அஞ்சலி உரை ஆற்றினார்.

துரோகி என்று அவரைத் தூற்றியவர்கள் உண்டு. நாம் தூற்ற மாட்டோம். கொடுமையான உள்ளம் கொண்டவரல்லர் அவர். வேலை தேடியதை நிரூபி என்ற விதியை ஒழித்த கையும் அதே கைதான். ஐந்து முறை வரம்பை உயர்த்தி, வேலையிழந்தோரின் குடும்பங்களுக்கு வாரந்தவறாமல் தொகை போகச் செய்த கையும் அதே கைதான். ஆனால் ஒன்று சொல்வோம். வரம்பை உயர்த்துங்கள் என்று ஐந்து முறை கேட்டவர், இந்த வரம்பை யார் போட்டது, ஆறு என்ற கணக்கை யார் எழுதியது, ஏன் எங்கள் தலையிலே மட்டும் என்று ஒரு முறை உரக்கக் கேட்டிருந்தால், ஆட்சி கவிழ்ந்திருக்கலாம். கொள்கை நிமிர்ந்து நின்றிருக்கும். கேளாமலிருந்தும் ஆட்சி கவிழத்தானே செய்தது! கவிழ்ந்தபோது கையிலே கொள்கையும் இல்லை, மணமான பெண்களுக்குச் சொல்ல ஒரு பதிலும் இல்லை.

ஆகவே தோழர்களே, எந்த நாட்டிலாயினும், எந்த ஆட்சியிலாயினும், வேலை வாய்ப்புக்கென்றோ வேலையற்றோர்க்கென்றோ இவ்வளவுதான் ஒதுக்கீடு, இதற்கு மேல் இல்லை என்று ஓர் எண் அச்சாகி வரும்போது, தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மடித்துவிடாதீர்கள். எத்தனை பேருக்கு வேலை இராது என்று எண்ணிக்கொண்டு அதை எழுதினார்கள் என்று கேளுங்கள். எண்ணியதைவிட அதிகம் பேர் வந்தால் யார் மீது வரி, யார் மீது வெட்டு என்று கேளுங்கள். வெட்டு என்றால் முதல் வெட்டு எந்த வீட்டிலே என்று கேளுங்கள். கேட்பவர்கள் ஆலை வாயிலிலும் சங்கக் கூடத்திலும் இருந்தால்தான், பீடத்திலே இருப்பவர் நம்மவராயினும் அவருக்கு முதுகெலும்பு நிமிரும். அன்று வால்செண்டிலே மூன்று குழந்தைகளின் தாய், 29 ஷில்லிங்கு 3 பென்சை மேசையிலே வைத்து எண்ணிப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த கணக்கு, கஜானாவிலே அமர்ந்திருந்தோருக்குத் தெரியவில்லை. அவளுடைய கணக்கைத்தான் நாம் படிக்கவேண்டும் என்கிறோம்.